கொரிய எழுத்து கணினிக்குள் எப்படி உட்கார்ந்திருக்கிறது? அடிக்கடி வரும் கேள்விகள்

கொரிய நாடகங்களுக்குத் தமிழில் வசன வரி எழுதுவது என் வேலை. கொரிய மொழி படிக்கும் தம்பி தங்கைகளும், கோப்பு திறக்கவில்லை என்று கூப்பிடும் நண்பர்களும் ஒரே கேள்விகளைத் திரும்பத் திரும்பக் கேட்பதால், பதில்களை இங்கே ஓரிடத்தில் போட்டு வைக்கிறேன். கேள்விகள் அவர்கள் கேட்டபடியே இருக்கின்றன. எளியவை முதலில், சிக்கலானவை பின்னால்.

கொரிய எழுத்து சீன எழுத்து மாதிரி ஒரு சொல்லுக்கு ஒரு படமா, இல்ல நம்ம எழுத்து மாதிரி ஒலிக்கு எழுத்தா?

ஒலிக்கு எழுத்துதான். ஹங்குல் என்ற இந்த எழுத்தை அரசர் செஜோங் 1443-ல் உருவாக்கி 1446-ல் மக்களுக்கு அறிவித்தார். இன்று அடிப்படை எழுத்துகள் 24: மெய் 14, உயிர் 10. வரிசையாக நிற்காமல் ஒரு சதுரக் கட்டத்துக்குள் அடுக்கி எழுதுவதால்தான் பார்க்கச் சீன எழுத்து மாதிரி தெரிகிறது.

ஒரு கட்டம் என்பது ஓர் அசை. முதலில் ஒரு மெய், பக்கத்திலோ கீழேயோ ஓர் உயிர், தேவைப்பட்டால் அடியில் இன்னொரு மெய். அடியில் நிற்கும் மெய்யை 'பத்சிம்' என்பார்கள். யாப்பு படித்தவர்களுக்கு ஒரே வரியில் சொல்லிவிடலாம்: ஒரு கட்டம் ஒரு நேரசை. 'ஹன்' ஒரு கட்டம், 'ஹ' ஒரு கட்டம். உயிரில் தொடங்கும் அசைக்கு மெய் இருக்க வேண்டிய இடத்தில் ஒலியில்லாத ஒரு வட்டத்தைப் போட்டு நிரப்புவார்கள்.

24 எழுத்துன்னா 24 எண் போதுமே? எதுக்கு 11,172?

கணினி எழுத்தை எண்ணாகத்தான் வைத்துக்கொள்ளும். எதற்கு எண் கொடுப்பது என்பதில்தான் இரண்டு வழிகள். தனி எழுத்துக்கு எண் கொடுத்துவிட்டு, கட்டமாக அடுக்கும் வேலையை எழுத்துருவிடம் விடலாம். அல்லது முழுக் கட்டத்துக்கே ஓர் எண் கொடுக்கலாம். உலக மொழிகளின் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் பொதுத் தரமான யூனிகோடு, கொரிய மொழிக்கு இரண்டையும் செய்திருக்கிறது. இந்தப் பக்கத்தில் வரும் குழப்பங்களில் பாதிக்கு மேல் இதிலிருந்துதான் தொடங்குகின்றன.

முழுக் கட்டங்களுக்குக் கொடுத்த எண்கள்தான் 11,172. அது வெறும் பெருக்கல். இரட்டித்த மெய்களையும் சேர்த்தால் முதலில் வரக்கூடியவை 19. கூட்டுயிர்களோடு உயிர்கள் 21. அடியில் வரக்கூடியவை 27, எதுவும் வராத நிலையும் ஒன்று, ஆக 28. 19 × 21 × 28 = 11,172. புழக்கத்தில் இருக்கிறதா என்று பார்க்காமல், இக்கால எழுத்துகளால் எழுத முடிகிற எல்லாக் கட்டங்களுக்கும் இடம் உண்டு.

ஒரு கட்டத்தோட எண்ணைக் கையாலேயே கணக்குப் போடலாம்னு சொல்றாங்களே, நிஜமா?

நிஜம்தான். கட்டங்கள் 44032-ல் தொடங்கி 55203 வரை, இடைவெளி இல்லாமல், அகராதி வரிசையில் நிற்கின்றன. எழுத்துகளைப் பூஜ்யத்திலிருந்து எண்ண வேண்டும். முதல் மெய்யின் எண்ணை 21-ஆல் பெருக்கி உயிரின் எண்ணைக் கூட்டுங்கள். வந்ததை 28-ஆல் பெருக்கி அடி மெய்யின் எண்ணைக் கூட்டுங்கள். கடைசியாக 44032-ஐச் சேருங்கள்.

'ஹன்' கட்டத்தை எடுத்துக்கொள்வோம். ஹகரம் மெய் வரிசையில் கடைசி, அதன் எண் 18. அகரம் உயிர் வரிசையில் முதலாவது, எண் 0. அடியில் வரும் னகரத்துக்கு 4. 18 × 21 = 378, அதோடு 0. 378 × 28 = 10584, அதோடு 4 சேர்த்தால் 10588. 44032-ஐக் கூட்டினால் 54620. அதுதான் 'ஹன்' கட்டத்தின் யூனிகோடு எண்.

'ஹங்குல்' என்ற சொல்லில் 'ஹன்' முதல் கட்டம். அதன் இரண்டாம் கட்டமான 'குல்' இன்னும் சுலபம். ககரத்துக்கு 0, உயிருக்கு 18, அடி லகரத்துக்கு 8. 18 × 28 + 8 = 512. விடை 44544. இந்த உயிர் நம் குற்றியலுகரத்துக்கு மிகப் பக்கத்தில் நிற்கும் ஒலி. 'நாக்கு' என்று முடிக்கும்போது உதடு குவியாமல் வருகிறதே, அதே உகரம். கொரிய மொழி படிக்கும் தமிழருக்கு இது தனிப் பயிற்சி இல்லாமலே வந்துவிடும்.

சரி, இந்தக் கணக்கால யாருக்கு என்ன பிரயோஜனம்?

திருப்பிப் போட்டால் பிரயோஜனம் தெரியும். 54620-லிருந்து 44032-ஐக் கழித்து 588-ஆல் வகுத்தால் ஈவு 18, மீதி 4. ஈவு முதல் மெய்யைச் சொல்கிறது. மீதியை 28-ஆல் வகுத்தால் உயிரும் அடி மெய்யும் வந்துவிடும். அட்டவணை எதுவும் வேண்டாம்.

கொரிய அலைபேசிகளில் தொடர்புப் பட்டியலில் தேடுபவர்களைக் கவனித்திருக்கிறீர்களா? முழுப் பெயரை அடிக்க மாட்டார்கள். ஒவ்வொரு கட்டத்தின் முதல் மெய்யை மட்டும் அடிப்பார்கள். 'ஹ க' என்றால் 'ஹன்குல்' வந்து நிற்கும். அதற்குப் பின்னால் நடப்பது இந்த வகுத்தல்தான்.

யூனிகோடு வர்றதுக்கு முன்னாடி என்ன பண்ணாங்க?

இரண்டு கட்சிகள் இருந்தன. ஒன்று 'ஜோஹாப்', அதாவது சேர்த்துக் கட்டுவது. ஒரு கட்டத்துக்கு 16 பிட். அதில் 5 பிட் முதல் மெய்க்கு, 5 உயிருக்கு, 5 அடி மெய்க்கு. மிச்சமிருக்கும் ஒரு பிட், 'இது கொரிய எழுத்து' என்று சொல்லும் அடையாளம். எழுத்து எப்படிக் கட்டப்பட்டிருக்கிறதோ எண்ணும் அப்படியே கட்டப்பட்டிருந்தது. எனக்கு இதைப் பார்க்கும்போதெல்லாம் நெஞ்சு நிறைந்துபோகும், அவ்வளவு அழகான ஏற்பாடு.

இன்னொன்று 'வான்சோங்', அதாவது முடித்து வைத்தது. 1987-ல் வந்த கேஎஸ் சி 5601 என்ற தேசியத் தரம் இந்த வழியில் போனது. அடிக்கடி புழங்கும் 2,350 கட்டங்களைப் பொறுக்கி எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்தார்கள். கூடவே 4,888 சீன எழுத்துகளும் இருந்தன. இணையத்தில் இயூசி-கேஆர் என்ற பெயரில் பரவியது இதுதான். 1992-ல் ஜோஹாப்பையும் அதே தரத்தின் பின்னிணைப்பில் சேர்த்தார்கள். ஆனால் அதற்குள் வான்சோங் எங்கும் பரவிவிட்டது.

2,350 போதாதா? அன்றாடப் பேச்சுக்கு அது தாராளமாச்சே?

அன்றாடச் செய்திக்குப் போதும். ஆனால் மொழி புழக்கப் பட்டியலுக்குள் அடங்காதே. தாய்லாந்தின் 'தோம் யம்' சூப்பைக் கொரிய மொழியில் எழுதும்போது முதல் கட்டம் 'த்தோம்'. அது 2,350-ல் இல்லை. உணவகக்காரர் பலகையில் கையால் எழுதிவிடலாம், கணினியில் அடித்துத் தர முடியாது. பட்டியலில் இல்லாத ஒரு கட்டம் தன் பெயரில் இருந்தவர் நிலைமையை யோசித்துப் பாருங்கள். படிவத்தில் சொந்தப் பெயரையே பிழையாக எழுத வேண்டியிருந்தது. இதைச் சின்ன விஷயம் என்று என்னால் சொல்ல முடியாது.

பிறகு மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 95 காலத்தில் விட்டுப்போன 8,822 கட்டங்களையும் ஒட்டுப்போட்டுச் சேர்த்தது. அதைக் குறியீட்டுப் பக்கம் 949 என்பார்கள். பழைய 2,350-இன் எண்களைத் தொடாமல், காலியாக இருந்த மற்ற இடங்களில் மீதியைச் செருகியதால், எண் வரிசை அகராதி வரிசையாக இல்லாமல் போனது.

பழைய வசன வரிக் கோப்பைத் திறந்தா ஐரோப்பிய எழுத்துல ஏதேதோ கிறுக்கலா வருது. கோப்பு கெட்டுப்போச்சா?

பெரும்பாலும் கெட்டிருக்காது. கொரிய வசன வரிகள் நெடுங்காலம் சாமி என்ற வடிவில், மேலே சொன்ன 949 குறியீட்டில் சேமிக்கப்பட்டன. அதில் 'ஹன்' என்பது 199, 209 என்ற இரண்டு பைட்டுகள். மேற்கு ஐரோப்பிய எழுத்து என்று நினைத்துத் திறக்கும் செயலி, இரண்டையும் தனித்தனி எழுத்தாகக் காட்டிவிடும். திறக்கும்போது குறியீட்டைக் 'கொரியன் 949' என்று தேர்ந்தெடுத்து, சரியாகத் தெரிந்த பிறகு யுடிஎஃப்-8 என்ற யூனிகோடு வடிவில் சேமியுங்கள்.

ஒன்றை மட்டும் செய்துவிடாதீர்கள். கிறுக்கலாகத் தெரியும்போதே சேமித்துவிட்டால், செயலி அந்தக் கிறுக்கலை உண்மை என்று எடுத்துக்கொண்டு எழுதிவிடும். அப்புறம் மீட்பது பெரும்பாடு, சில சமயம் முடியவே முடியாது.

யூனிகோடுல ஒரு தடவை குடுத்த எண்ணை மாத்தவே மாட்டாங்களாமே. கொரியனுக்கு மட்டும் மாத்தினாங்கன்னு கேள்விப்பட்டேன்?

மாற்றினார்கள். 1991-ல் வந்த முதல் பதிப்பில் தேசியத் தரத்தின் 2,350 கட்டங்கள்தான் இருந்தன. 1993-ல் 1.1 பதிப்பில் 6,656 ஆயிற்று. துண்டு துண்டாகச் சேர்த்ததால் அகராதி வரிசையும் இல்லை, பெருக்கல் கணக்கும் இல்லை. 1996-ல் 2.0 பதிப்பு வந்தபோது பழையதை அப்படியே எடுத்துவிட்டு, 44032-லிருந்து 11,172 கட்டங்களையும் வரிசையாக வைத்தார்கள். காலி செய்த இடத்தில் பிற்பாடு சீன எழுத்துகள் குடியேறின.

அதற்குள் பழைய எண்களில் சேமித்த ஆவணங்கள் புதிய பதிப்பில் பொருளற்றுப் போயின. இனி எந்த எழுத்தையும் இடம் மாற்றுவதில்லை, நீக்குவதில்லை என்ற உறுதி வந்ததற்கு இந்தச் சம்பவம் பெரிய காரணம். நாம் இன்று அடிக்கும் தமிழுக்கும் அந்த உறுதிதான் காவல்.

தட்டச்சு பண்றப்போ அடிச்ச எழுத்து தானா இடம் மாறுதே, அது ஏன்?

வழக்கமான கொரிய விசைப்பலகையில் மெய்கள் இடக்கைப் பக்கம், உயிர்கள் வலக்கைப் பக்கம். முதலில் வரும் மெய்க்கும் அடியில் வரும் மெய்க்கும் ஒரே விசை. அதனால் ஒரு மெய்யை அடித்தவுடன் அது எங்கே சேரும் என்று கணினிக்கு உறுதியாகத் தெரியாது. 'ஹன' என்று இரண்டு கட்டம் எழுத நினைக்கிறீர்கள். ஹகரம், அகரம், னகரம் அடித்ததும் திரையில் 'ஹன்' என்று ஒரே கட்டம் தெரியும். அடுத்து அகரம் அடித்த நொடியில் அடியிலிருந்த னகரம் கழன்று அடுத்த கட்டத்துக்குத் தாவிவிடும்.

கொரியர்கள் இதற்கு 'தொக்கேபிபுல்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இரவில் வயல்வெளியில் இங்கும் அங்கும் தாவும் பூதத்தின் நெருப்பு, நம் ஊர் கொள்ளிவாய்ப் பிசாசு. முதல் மெய்க்கும் அடி மெய்க்கும் தனித்தனி விசை வைத்த மூன்று தொகுதி விசைப்பலகையும் உண்டு. அதை உருவாக்கிய கோங் பியோங்-ஊ ஒரு கண் மருத்துவர். அதில் இந்தத் தாவல் கிடையாது.

மேக்கிலிருந்து அனுப்பின கோப்புப் பெயரெல்லாம் விண்டோஸ்ல உதிரி உதிரியா வருது. யார் மேல தப்பு?

இரண்டு வகை எண்கள் இருப்பதாகச் சொன்னேனே, அது இங்கேதான் தலைகாட்டுகிறது. 'ஹன்' கட்டத்தை 54620 என்று ஒரே எண்ணாகவும் வைக்கலாம், 4370, 4449, 4523 என்று மூன்று எழுத்துகளாகப் பிரித்தும் வைக்கலாம். சேர்ந்த வடிவத்தை என்எஃப்சி என்றும் பிரிந்த வடிவத்தை என்எஃப்டி என்றும் சொல்வார்கள். யூனிகோடு விதிப்படி இரண்டும் ஒன்றே. மேக்கின் பழைய கோப்பு முறை பெயர்களைப் பிரித்தே சேமித்தது. 2017-ல் வந்த புதிய முறை கொடுத்ததைக் கொடுத்தபடி வைத்துக்கொள்கிறது. ஆனாலும் பிரிந்த பெயர்கள் இன்றும் வந்துகொண்டுதான் இருக்கின்றன. விண்டோஸ் அவற்றைச் சேர்ப்பதில்லை. அதனால் பல இடங்களில் மூன்று எழுத்தும் தனித்தனியாகத் தெரியும்.

எனக்கு இது முதலில் நடந்தபோது, ஒரு தொடரின் எல்லாப் பகுதிகளும் ஒரே பொதியில் வந்திருந்தன. பெயர்ப் பட்டியலோடு ஒப்பிட ஒரு சின்ன நிரல் எழுதினேன். ஒன்றுகூடப் பொருந்தவில்லை. என் திரையில் இரண்டு பெயரும் அச்சு அசல் ஒன்றுபோல இருந்தன. விடிகிற வரை நிரலில் பிழை தேடினேன். கடைசியில் பெயரின் நீளத்தை அச்சிட்டுப் பார்த்தபோதுதான் பிடிபட்டது: பட்டியலில் 2 என்று வந்த சொல் கோப்பில் 6 என்று வந்தது. ஒப்பிடும் முன் இரண்டையும் என்எஃப்சி ஆக்கும் ஒரே வரி எல்லாவற்றையும் தீர்த்துவிட்டது. இப்போது எந்தக் கொரியப் பெயரைத் தொட்டாலும் அந்த வரியைத்தான் முதலில் எழுதுகிறேன்.

இது கொரியனுக்கு மட்டும் உள்ள பிரச்சினையா?

இல்லை. நம் 'கொ'வைப் பாருங்கள். ககரத்தோடு ஒகரக் குறியை ஒரே எண்ணாகவும் வைக்கலாம், ஒற்றைக்கொம்பும் காலுமாக இரண்டு எண்ணாகவும் வைக்கலாம். பார்வைக்கு வேறுபாடே தெரியாது. தமிழ்த் தேடலில் இருக்கிற சொல் கிடைக்காமல் போனால் இதையும் ஒரு முறை சந்தேகப்படுங்கள். மருந்து மேலே சொன்னதேதான்.

அரட்டையில சிரிக்கிறதுக்கு 'க்க்க்க்'னு மெய்யை மட்டும் அடிக்கிறாங்களே, அது ஏன் கட்டமா சேரல?

அது மூன்றாவது வகை எண். னகரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கட்டத்தின் தொடக்கத்தில் வர 4354, அடியில் வர 4523, தனியாக நிற்க 12596. தனியாக நிற்பவை பழைய தேசியத் தரத்திலிருந்து வந்தவை. அவற்றுக்கு ஒட்டும் குணம் கிடையாது. விசைப்பலகையில் மெய்யை மட்டும் அடித்தால் கிடைப்பது இந்த வகைதான். அதனால் நிரலில் ஒரு மெய்யைத் தேடும்போது மூன்றில் எது என்று தெளிவாக இருங்கள்.

ஃப்ரீ ஃபயர்ல சிலர் பேரே இல்லாம வர்றாங்க. அதுவும் கொரிய எழுத்துதானாமே?

ஆமாம். 12644 என்ற எண்ணில் 'ஹங்குல் நிரப்பி' என்று ஒன்று இருக்கிறது. கட்டத்தில் ஏதோ ஒரு பகுதி காலி என்று காட்டுவதற்காகப் பழைய தரத்தில் வைத்தது. திரையில் ஒன்றும் தெரியாது. ஆனால் யூனிகோடு இதை இடைவெளி என்று வகைப்படுத்தாமல் எழுத்து என்று வகைப்படுத்தியிருக்கிறது. 'பெயர் காலியாக இருக்கக் கூடாது' என்று சோதிக்கும் செயலி, ஓர் எழுத்து இருக்கிறதே என்று விட்டுவிடும்.

விளையாட்டில் இருக்கும்வரை தொல்லை இல்லை. ஜாவாஸ்கிரிப்ட் போன்ற மொழிகளில் இதையே மாறியின் பெயராக வைக்க முடியும். கண்ணுக்குத் தெரியாத மாறி ஒன்றை நிரலுக்குள் ஒளித்துவைத்தால், படித்துப் பார்ப்பவர் எளிதில் கண்டுபிடிக்க முடியாது. படிவம் வடிவமைப்பவர்கள் இந்த எண்ணைத் தனியாகத் தடுப்பது நல்லது.

கொரிய மொழி கணினியில இடம் அதிகம் பிடிக்குமா, தமிழா?

அம்மாவை வைத்தே பார்க்கலாம். கொரிய மொழியிலும் அம்மா கிட்டத்தட்ட 'ஒம்மா'தான். அது இரண்டு கட்டம், யுடிஎஃப்-8-ல் கட்டத்துக்கு 3 பைட், மொத்தம் 6. நம் 'அம்மா'வில் அகரம், மகரம், புள்ளி, மகரம், கால் என்று ஐந்து எண்கள், 15 பைட். அதே 'ஒம்மா'வை என்எஃப்டி முறையில் பிரித்தால் ஐந்து எழுத்துகளாகி அதுவும் 15 பைட் ஆகிவிடும்.

ட்விட்டர் 2017-ல் எல்லையை 280 ஆக்கியபோது கொரியக் கட்டத்தை இரண்டாகக் கணக்கிட்டது இதனால்தான். ஒரு கட்டத்துக்குள் அத்தனை ஒலி அடங்குகிறது. கொரியக் குறுஞ்செய்தியில் 90 பைட் என்பது 45 கட்டம். அங்கே கணக்கு இன்னும் பழைய இரண்டு பைட் முறையில்தான் ஓடுகிறது.

சில எழுத்துருல ஒன்னு ரெண்டு கட்டம் மட்டும் வேற முகத்தோட வருதே?

அந்த எழுத்துருவில் 2,350 கட்டங்கள்தான் வரையப்பட்டிருக்கும். 11,172-ஐயும் வரைந்து சரிபார்ப்பது பெரும் உழைப்பு. இல்லாத கட்டத்தைக் கணினி வேறு எழுத்துருவிலிருந்து கடன் வாங்குகிறது. எழுத்துருவை விலைக்கு வாங்கும் முன் 'த்தோம்' கட்டத்தை அடித்துப் பாருங்கள், தெரிந்துவிடும்.

செஜோங் காலத்து எழுத்துகளை இப்ப அடிக்க முடியுமா?

முடியும், ஆனால் 11,172-க்குள் அவை இல்லை. வழக்கொழிந்த எழுத்துகளில் 'அரே-அ' என்ற புள்ளி வடிவ உயிர் முக்கியமானது. ஜேஜு தீவின் பேச்சில் அந்த ஒலி இன்னும் வாழ்கிறது. 1989-ல் வெளிவந்த புகழ்பெற்ற கொரியச் சொல்செயலியின் பெயரிலேயே அந்தப் புள்ளி இருக்கிறது. இந்த உயிர் வரும் கட்டத்தைப் பிரிந்த எழுத்துகளாகத்தான் எழுத வேண்டும். சேர்த்துக் காட்டுவது எழுத்துருவின் பொறுப்பு. பழைய நூல்களுக்குத் தேவையான மீதி எழுத்துகள் 2009-ல் 5.2 பதிப்பில் சேர்ந்தன.

வட கொரியாவிலயும் இதே எண்கள்தானா?

எழுத்து ஒன்றுதான், வரிசை வேறு. அங்கே இரட்டித்த மெய்கள் எல்லாம் கடைசிக்குப் போய்விடும். அதனால் எண் வரிசை அவர்களுடைய அகராதி வரிசையோடு பொருந்தாது. அவர்களுக்கென்று கேபிஎஸ் 9566 என்ற தரமும் உண்டு. அதில் கிம் இல்-சுங், கிம் ஜோங்-இல் பெயர்களின் எழுத்துகளுக்குச் சாதாரண எண்கள் போகத் தனி எண்களும் கொடுத்திருக்கிறார்கள். யூனிகோடு அவற்றைச் சேர்க்கவில்லை.

கொரியனுக்கு 11,172 இடம் குடுத்தவங்களுக்குத் தமிழுக்கு 247 இடம் குடுக்க மனசு வரலையா?

அதிகம் கேட்கப்படுவது இதுதான். கேட்பவர்களின் வருத்தம் எனக்கும் உண்டு. ஆனால் பதில் மனசில் இல்லை, யார் எதைக் கையில் கொண்டுபோனார்கள் என்பதில் இருக்கிறது. யூனிகோடு ஏற்கெனவே இருந்த தேசியத் தரங்களை உள்வாங்கித்தான் தொடங்கியது. கொரியாவின் தரம் முழுக் கட்டங்களாக இருந்தது. 1996 மாற்றத்துக்கும் கொரியத் தரப்பே கேட்டுப் போராடியது. தமிழ் உள்ளே போனது இந்தியாவின் 1988-ஆம் ஆண்டு இஸ்கி தரம் வழியாக. அது இந்திய எழுத்துகள் எல்லாவற்றுக்கும் ஒரே அச்சு. அகரமேறிய மெய், உயிர்க்குறி, புள்ளி என்ற அமைப்பு. அதனால் தமிழுக்கு 2944 முதல் 3071 வரை 128 இடங்கள்.

தமிழ்நாடு அரசு 2010-ல் யூனிகோடோடு டேஸ்-16 என்ற முறையையும் ஏற்றது. அதில் உயிர், மெய், உயிர்மெய் எல்லாவற்றுக்கும் தனி எண். மெய் ஒரு பக்கம், உயிர் ஒரு பக்கம் என்று கட்டம் போட்டு அடுக்கியதால், ஹங்குலில் பார்த்த அதே மாதிரிக் கணக்கு அங்கேயும் செல்லும். கணக்கின் அழகில் குறை சொல்ல முடியாது. ஆனால் அது இருப்பது யூனிகோடின் தனிப்பயன் பகுதியில். அங்கே யார் வேண்டுமானாலும் எந்த எண்ணுக்கும் எந்த உருவத்தையும் வைத்துக்கொள்ளலாம். உரிய எழுத்துரு இல்லாத அலைபேசியில் அந்தக் கோப்பைத் திறந்தால் வெற்றுப் பெட்டிகள்தான் தெரியும். இனி 247-ஐயும் முறையாகச் சேர்க்கச் சொன்னால், எண் மாறாது என்ற 1996-க்குப் பிந்தைய உறுதி குறுக்கே நிற்கும். இன்றைய எண்களில் எழுதிய தமிழ் அத்தனையும் அப்படியே இருக்க, அதே 'கொ'வுக்கு மூன்றாவதாக இன்னோர் எழுத்து முறையும் சேர்ந்துவிடும்.